பள்ளியில் நாடகம்: பீரியடுக்குள்ளா, மன்றத்திலா, ஆண்டுவிழா மேடையிலா?

ஜூனில் பள்ளி திறந்ததும் நாடகத்தில் ஆர்வமுள்ள ஆசிரியர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "வாரத்துக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தேறாது. அதை எதில் போட்டால் பிள்ளைகளுக்குப் பயன்?" தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் நாடகம் தனிப் பாடம் அல்ல, மதிப்பெண்ணும் கிடையாது. எனவே அது வேறொரு பாடத்தின் தோளிலோ விழாவின் தோளிலோ ஏறித்தான் பள்ளிக்குள் வர வேண்டியிருக்கிறது. எந்தத் தோள் என்பதைத்தான் இங்கே ஒப்பிடுகிறோம்.

வழிகள் மூன்று. பாடம் நடக்கும் பீரியடுக்குள்ளேயே நாடகத்தைப் பயன்படுத்தலாம். வாரம் ஒருமுறை கூடும் நாடக மன்றம் வைக்கலாம். ஆண்டுவிழாவுக்கோ கலைத்திருவிழாப் போட்டிக்கோ ஒரு நாடகம் தயாரிக்கலாம். மூன்றையும் செய்யும் பள்ளிகளும் உண்டு, ஆனால் அங்கே நாடகத்துக்கென்றே ஓர் ஆள் இருப்பார்.

## எதை வைத்து எடை போடுவது

எத்தனை பேர் பங்கேற்கிறார்கள்? மேடையில் நிற்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். முடிவெடுத்து, பேசி, செய்து பார்க்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள்.

பாடம் உள்ளே இருக்கிறதா? இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. நாடகத்திலிருந்து பாடச் செய்தியை உருவி எடுத்துவிட்டாலும் காட்சி அப்படியே ஓடுகிறதென்றால் பாடம் வெறும் ஒட்டுவேலை. "நான்தான் நீர்த்துளி, மேகமாகப் போகிறேன்" என்று நீல அட்டை மாட்டிய பிள்ளை ஒப்பிப்பது அந்த வகை. அட்டையில் 'தேனீ' என்று எழுதியிருந்தாலும் அதே ஓட்டம்தான், அதே கைதட்டல்தான்.

என்ன பறிபோகிறது? பணத்தை விட நேரம்தான் இங்கே பெரிய செலவு. அதிலும் மற்ற ஆசிரியர்களின் நேரம்.

பிற கலைகள் எவ்வளவு உள்ளே வருகின்றன? பிள்ளையின் கையில் கடைசியில் என்ன மிஞ்சுகிறது? இந்த இரண்டும், நாடகம் தொழிலாகுமா என்று கடைசியில் வரும் கேள்வியோடு சேர்ந்தவை.

| | பீரியடுக்குள் | மன்றம் | ஆண்டுவிழா |
|---|---|---|---|
| பங்கேற்போர் | வகுப்பு முழுவதும் | 16 முதல் 20 பேர் | மேடையில் 25 பேர், வசனம் ஐந்தாறு பேருக்கு |
| பாடத்தோடு பிணைப்பு | வலுவானது | ஆசிரியரைப் பொறுத்தது | பெரும்பாலும் கருத்து அளவில் |
| பணம் | கயிறு, சாக்பீஸ் | காகிதம், பெயின்ட், துணி | டிரஸ் வாடகை, மேக்கப், மைக் செட், வேன் |
| மறைமுகச் செலவு | ஆசிரியரின் தயாரிப்பு, சத்தம் | மாலைப் பேருந்து, பெற்றோர் சம்மதம் | பிற பாட பீரியடுகள் |
| பிற கலைகள் | குறைவு | நிறைய | நிறைய, ஆனால் வாடகைக்கு வருபவை |
| கையில் மிஞ்சுவது | பாடப் புரிதல் | கைத்தொழில், பதிவேடு | புகைப்படம், சான்றிதழ் |

## பீரியடுக்குள் நாடகம்

மூன்றில் மலிவானது இதுதான், கடினமானதும் இதுதான். திட்டமில்லாமல் இறங்கினால் நாற்பது நிமிடமும் பெஞ்சை நகர்த்துவதிலேயே போய்விடும்.

கணிதத்தில் தொடங்கலாம். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஆடலரங்குக்கு அளவு சொல்கிறது: கோல் ஒன்றுக்கு 24 விரல், அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல். மாதவி ஏறிய அரங்கைப் பள்ளி மைதானத்தில் வரைவதற்கு இந்த நான்கு எண்களே போதும். எட்டாம் அல்லது ஒன்பதாம் வகுப்பை நான்கு குழுக்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு குழுவும் ஒருவருடைய கட்டைவிரலின் அகலத்தை ஸ்கேலால் அளந்து, 24-ஆல் பெருக்கி, அந்த நீளத்துக்கு ஒரு குச்சியை வெட்டிக்கொள்ளட்டும். விரல் 2 செ.மீ. என்றால் கோல் 48 செ.மீ.; அரங்கு 3.36 மீட்டருக்கு 3.84 மீட்டர், பரப்பு சுமார் 12.9 சதுர மீட்டர். விரல் 2.5 செ.மீ. என்றால் கோல் 60 செ.மீ.; அரங்கு 4.2-க்கு 4.8, பரப்பு 20.16 சதுர மீட்டர். விரலில் அரை சென்டிமீட்டர் கூடியதற்கு அரங்கின் பரப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. ஏன் என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். நாம் முந்திக்கொண்டு சொல்ல வேண்டாம்.

இங்கே வழக்கமாக நேரும் பிழை, செவ்வகம் சாய்ந்து இணைகரமாகிவிடுவது. மூலைவிட்டம் இரண்டையும் கயிற்றால் அளந்து சமமாக்கச் சொல்லுங்கள். 48 செ.மீ. கோலுக்கு மூலைவிட்டம் ஏறக்குறைய 5.1 மீட்டர் வர வேண்டும். அளந்து முடித்ததும் ஆறு பேரை நிறுத்தி ஒரே காட்சியைச் சிறிய அரங்கிலும் பெரிய அரங்கிலும் நடித்துப் பார்க்க வேண்டும். இந்தக் கடைசிப் பகுதியை விட்டால் அது அளவியல் பயிற்சியாக நின்றுவிடும், நாடகத்துக்கு அங்கே வேலையில்லை. ஆறு பேர் 12.9 சதுர மீட்டரில் ஒருவரையொருவர் மறைக்காமல் நிற்பது எப்படி என்று யோசிக்கும்போதுதான் பரப்பு என்பது உடம்புக்குத் தெரிகிறது. அதே காதையில் தூணின் நிழல் அரங்குக்கு வெளியே விழும்படி விளக்கை வைத்ததாகவும் வருகிறது. ஒரு டார்ச்சும் ஒரு துடைப்பக் கட்டையும் இருந்தால் ஒளியியல் பாடத்துக்கு அது அடுத்த பீரியட்.

அறிவியலில் நன்றாக உதவுவது கயிற்று வளையம். 12 பிள்ளைகள் வட்டமாக நின்று, சுமார் 10 மீட்டர் பருத்திக் கயிற்றை வளையமாக்கி லேசாகப் பிடித்துக்கொள்கிறார்கள். மின்கலம் ஆசிரியர்: ஒரு கையால் இழுத்து மறு கையால் விட்டுக்கொண்டே இருப்பார். எதிரே நிற்கும் பிள்ளை பல்பு. அவர் பிடியைச் சற்று இறுக்க வேண்டும். கயிற்றை ஓட்டுவதற்கு முன்பே கேளுங்கள்: "பல்பைத் தாண்டிய பிறகு கயிறு மெதுவாகப் போகுமா?" பாதி வகுப்பு ஆமாம் என்று கை தூக்கும். மின்னோட்டம் பல்பில் தீர்ந்துபோகிறது என்ற தவறான எண்ணம் பிள்ளைகளிடம் அவ்வளவு உறுதியாக இருக்கிறது. கயிறு எல்லார் கையிலும் ஒரே நேரத்தில் ஒரே வேகத்தில் ஓடுவதையும், பல்புப் பிள்ளையின் உள்ளங்கை மட்டும் சூடாவதையும் பார்த்த பிறகு விளக்கம் சொன்னால் நிற்கும். நைலான் கயிறு கையைச் சிராய்த்துவிடும், வேண்டாம். கயிற்றின் முடிச்சு ஒவ்வொரு கையிலும் தட்டி நின்றால் மின்னோட்டம் விட்டு விட்டுப் போகிறது என்று புதிதாக ஒரு தவறு முளைக்கும். முனைகளை ஒட்டி டேப் சுற்றுங்கள். பக்க இணைப்புக்கு இந்த ஒற்றை வளையம் போதாது. அதை வகுப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது.

வரலாற்றுக்கு வெளியிலிருந்து எந்த உத்தியையும் தேட வேண்டியதில்லை. தெருக்கூத்தின் கட்டியக்காரன் இருக்கிறான். உள்ளே வரும் ராஜாவையே "யாருப்பா நீ, எதுக்கு வந்தே?" என்று கேட்கும் உரிமை அவனுக்கு உண்டு. 1906-இல் பதிவான சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள்: 10 லட்சம் ரூபாய் மூலதனம், 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். எதிரே கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போகும் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. வேடங்கள் நான்கு: பங்கு வாங்கலாமா என்று தயங்கும் வியாபாரி, துறைமுகக் கூலி, கொழும்புக்குப் போகும் பயணி, வெள்ளைக் கம்பெனியின் ஏஜென்ட். கட்டியக்காரன் ஒவ்வொருவரையும் நிறுத்திக் கேட்கிறான்: "அவன் பாதிக் காசுக்கு ஏத்துறானே, நீ ஏன் இதுல ஏறுற?"

பயணி வேடம் போட்ட பிள்ளை இதற்குப் பதில் சொல்லப் பாடப்புத்தகத்தைப் புரட்டியே ஆக வேண்டும். முதலில் சொன்ன சோதனையில் தேறுவது இந்த வகைக் காட்சிதான். இங்கே வரும் சிக்கல், எல்லாரும் வ.உ.சி. ஆக விரும்புவது. அதனால்தான் பட்டியலில் அவர் இல்லை. ஏஜென்ட் வேடமும் எளிதில் கேலிச்சித்திரமாகிவிடும். அதை ஆசிரியரே ஏற்று நியாயமான குரலில் வாதாடினால் வகுப்பு விழித்துக்கொள்ளும்.

நேரக் கணக்கு: எட்டுக் குழுக்களும் மூன்று நிமிடம் நடித்தால் அதற்கே 24 நிமிடம் போய்விடும், பேசுவதற்கு நேரம் இருக்காது. இரண்டு குழுக்கள் மட்டும் முழுதாக நடிக்கட்டும். மற்ற ஆறும் காட்சியின் முக்கியமான கணத்தைச் சிலைபோல் உறைந்து காட்டட்டும், ஆளுக்குப் பத்து விநாடி. அறிமுகம் 5 நிமிடம், தயாரிப்பு 12, காட்சி 10, கேள்வியும் எழுத்தும் 13. இதில் தொடக்கூடாதது கடைசிப் பதின்மூன்று நிமிடம். பெரும்பாலானவர்கள் வெட்டுவதும் அதைத்தான்.

பக்கத்து வகுப்பிலிருந்து புகார் வரும். தயாரிப்பு நேரத்தைக் கிசுகிசுப்பில் நடத்தச் சொன்னால் சத்தம் பாதியாகும். மரத்தடி இருந்தால் இன்னும் நல்லது. போர்ஷன் முடியாது என்ற பயம் நியாயமானதே. ஒரு பாடத்துக்கு வாரம் ஒன்று என்றுகூட வேண்டாம், ஒரு யூனிட்டுக்கு ஒரு பீரியட் போதும். பிள்ளைகள் வழக்கமாகத் தவறாகப் புரிந்துகொள்ளும் இடத்தைப் பார்த்து அங்கே வையுங்கள்.

சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2020-21 முதல் ஒன்று முதல் பத்தாம் வகுப்பு வரை கலை இணைந்த புராஜெக்ட் கட்டாயம். பெரும்பாலும் அது சார்ட் பேப்பரில் முடிகிறது. மேலே சொன்ன அரங்க அளவையே ஒரு புராஜெக்டாகக் காட்டலாம்.

## நாடக மன்றம்

பிற கலைகளோடு பிணைக்க வேண்டும், தொழில்வாசல் ஒன்றைக் காட்ட வேண்டும் என்றால் மன்றம்தான் சரி. 16 முதல் 20 பேர், வாரம் 90 நிமிடம். காலாண்டு, அரையாண்டு, மழை விடுமுறை எல்லாம் கழித்தால் ஓராண்டில் 18 முதல் 20 அமர்வுகள்தான் கிடைக்கும். திட்டத்தை அந்த எண்ணுக்கே போடுங்கள்.

முதல் ஐந்தாறு வாரம் ஸ்கிரிப்டையே எடுக்க வேண்டாம். குரல், நடை, கவனிப்பு. பிறகு வேலைகளைப் பிரியுங்கள்: நடிப்பு, இசை, முகமூடி, ஒளி, உடை, மேடை நிர்வாகம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாரும் வேலை மாற வேண்டும். இல்லாவிட்டால் நன்றாகப் பேசும் நான்கு பிள்ளைகளே கடைசிவரை பேசிக்கொண்டிருப்பார்கள்.

மேடை நிர்வாகத்துக்கு ஒரு நோட்டு தேவை. வலப்பக்கம் வசனம், இடப்பக்கம் காலி. யார் எந்தப் பக்கமிருந்து வருகிறார்கள், விளக்கு எந்தச் சொல்லில் மாறுகிறது, பறை எந்த இடத்தில் நிற்கிறது எல்லாம் இடப்பக்கத்தில் பென்சிலால் எழுதப்படும். பேனா கூடாது, ஒத்திகைக்கு ஒத்திகை மாறும். தொழில்முறைக் குழுவிலும் நாடகம் இப்படி ஒரு பிரதியை வைத்துத்தான் ஓடுகிறது.

ஓவிய ஆசிரியரைச் சேர்த்துக்கொள்ள முகமூடியைப் போன்ற நல்ல வழி இல்லை. ஒரு பங்கு மைதாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர், ஒரு ஸ்பூன் உப்பு, கட்டியில்லாமல் காய்ச்சிய பசை. பலூனை அச்சாக வைத்தால் இரவில் அது சுருங்கி முகம் ஒடுங்கிவிடும். களிமண் அச்சின் மேல் பாலிதீன் விரித்து ஒட்டுவதே நல்லது. செய்தித்தாள் கீற்றுகளை இரண்டு அடுக்கு ஒட்டி, வெயிலில் காயவைத்து, அடுத்த இரண்டு, மறுபடி காயவைத்து, கடைசி ஒன்று. அவசரப்பட்டு ஐந்தையும் ஒரே நாளில் ஒட்டினால் வெளியே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும், ஐப்பசியில் பூஞ்சை பூக்கும். மூக்குக்குக் கீழே வெட்டிய அரை முகமூடியாகவே செய்யுங்கள். முழு முகமூடிக்குள் பள்ளிப் பிள்ளையின் குரல் அடைபட்டுவிடும்.

மறைமுகச் செலவை நேராகச் சொல்லிவிடலாம்: கடைசிப் பேருந்து. கிராமத்திலிருந்து வரும் பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், ஐந்தரைக்கு மேல் நிற்க முடியாது. மாலை நேர மன்றம் என்றால் பள்ளிக்கு அருகில் வீடு இருப்பவர்களின் மன்றம் என்று அர்த்தமாகிவிடும். சனிக்கிழமைக் காலை அல்லது மதிய உணவுக்குப் பிந்தைய கடைசி இரண்டு பீரியட் கிடைக்குமா என்று எச்.எம்.மிடம் முதலிலேயே பேசுங்கள். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் நவம்பரிலேயே ஸ்பெஷல் கிளாஸுக்குப் போய்விடுவார்கள். எட்டு, ஒன்பது, பதினொன்றாம் வகுப்புகளை நம்பித்தான் மன்றம் கட்ட வேண்டும். ஆசிரியர் மாறுதலில் போனால் மன்றமும் போய்விடும் என்பது இன்னொன்று. இரண்டு ஆசிரியர்கள் சேர்ந்து நடத்த முடியாத பள்ளியில் மன்றத்தைத் தொடங்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## ஆண்டுவிழா, போட்டி நாடகம்

எல்லாருக்கும் தெரிந்த வழி என்பதால் சுருக்கமாக.

25 பிள்ளைகள் தினம் ஒரு பீரியட் வீதம் 30 நாள் ரிகர்சலுக்குப் போனால் 750 மாணவப் பீரியடுகள். பள்ளியின் கணக்கில் இது எங்கும் வராது. ஸ்டாஃப் ரூமில் மட்டும் வரும். டிரஸ் வாடகையைப் பெற்றோர் தலையில் கட்டும் பள்ளிகளில் வசதியில்லாத பிள்ளை "எனக்கு நடிக்க வராது சார்" என்று தானாகவே ஒதுங்கிக்கொள்ளும். உண்மைக் காரணத்தை அது சொல்லாது.

மைக் இன்னொரு வம்பு. இரண்டு ஸ்டாண்டு மைக் மட்டும் இருக்கும் மேடையில் நாடகம் மைக்குக்கு வரிசை நிற்பதாகிவிடுகிறது. அதற்குப் பயந்து வசனத்தை முன்பே பதிவுசெய்து டிராக் போட்டு வாயசைக்க வைக்கிறார்கள். இது மூன்றிலும் மோசமான தேர்வு. பிள்ளையின் குரல்தான் அந்த மேடைக்கு வருவதற்கே காரணம், அதைப் பறித்துவிட்டு என்ன மிஞ்சும்? கூத்தில் பின்பாட்டுக்காரர்கள் நிற்பதுபோல், மைக் அருகே ஐந்து பேர் கதை சொல்லவும் பாடவும், மற்றவர்கள் மேடை முழுவதும் அசைவால் நடிக்கவும் வைத்தால் மைக் பிரச்சினை பெரும்பாலும் தீரும். இசை ஆசிரியருக்கும் உண்மையான வேலை கிடைக்கும்.

கலைத்திருவிழா போன்ற போட்டி என்றால் சுற்றறிக்கையில் உள்ள நேர வரம்பையும் ஆள் எண்ணிக்கையையும் பார்த்த பிறகே எழுத உட்காருங்கள். முழு நாடகத்தை எழுதிவிட்டுப் பிறகு வெட்டும்போது முதலில் போவது அமைதியான இடங்கள், மிஞ்சுவது கத்தல்.

இந்த வழி சரியாக வரும் சூழலும் உண்டு. நாடகம் என்றால் முகம் சுளிக்கும் நிர்வாகத்தையும் பெற்றோரையும் மாற்ற ஒரு நல்ல மேடை நிகழ்ச்சி போல வேறொன்றும் உதவாது. ஊரில் கூத்துக் குழு இருந்து, வாத்தியார் பத்து நாள் வந்து சொல்லிக்கொடுப்பார் என்றால் தயங்கவே வேண்டாம். மன்றம் ஏற்கெனவே நடக்கும் பள்ளியில் ஆண்டுவிழா நாடகத்தை அந்த மன்றமே செய்தால் 750 என்ற எண் மளமளவென்று குறையும்.

## தனிப் பாடமாக இருந்தால்?

இலங்கையில் 'நாடகமும் அரங்கியலும்' தமிழ் மொழிமூலத்திலேயே சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் (நம் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகள் போன்றவை) பரீட்சைப் பாடம். மதிப்பெண் இருப்பதால் நேரமும் ஆசிரியரும் கிடைக்கிறார்கள், பல்கலைக்கழகம் வரை வழி இருக்கிறது. பரீட்சைப் பாடமானால் அரங்க வரலாற்றைக் குறிப்பெடுத்து மனப்பாடம் செய்யும் ஆபத்தும் கூடவே வரும். இங்கே அந்தத் தேர்வு நம் கையில் இல்லை. ஆனாலும் பதினொன்றாம் வகுப்புத் தமிழாசிரியருக்கு அந்தப் பாடத்திட்டத்தைப் படித்துப் பார்ப்பது வீண் வேலையல்ல.

## தொழில் என்று கேட்டால்

பெற்றோர் கேட்பது இதைத்தான். பதிலும் ஒளிவுமறைவில்லாமல் இருக்க வேண்டும்: மேடை நடிப்பை மட்டும் நம்பி வீடு நடத்துபவர்கள் தமிழ்நாட்டில் குறைவு. நாடகத்தோடு இன்னொன்றைச் சேர்த்தவர்களே நிலைக்கிறார்கள்.

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு நேராகச் சேரக்கூடியது, கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் கீழ் திருச்சூரில் உள்ள நாடகப் பள்ளியின் அரங்கக்கலைப் பட்டம். பட்டத்துக்குப் பிறகு என்றால் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் இயங்கும் நிகழ்கலைப் பள்ளி, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக நாடகத்துறை, 1959-இல் தொடங்கிய டெல்லி தேசிய நாடகப் பள்ளியின் மூன்றாண்டுப் படிப்பு. அதே பள்ளி அகர்தலாவில் கல்விசார் அரங்குக்கென ஓராண்டுப் படிப்பு நடத்துகிறது. ஆசிரியராக விரும்பும் பிள்ளைக்கு அது பொருத்தம். தேசிய நாடகப் பள்ளி எந்தத் துறைப் பட்டத்தையும் ஏற்கிறது. ஆகவே நாடகத்துக்காகப் பதினொன்றாம் வகுப்பில் குரூப் மாற்ற வேண்டியதில்லை, அறிவியல் குரூப்பில் இருப்பவர் அங்கேயே இருக்கலாம். மேடையை விட ஒளியும் ஒலியும் பிடித்த பிள்ளைக்குத் தரமணித் திரைப்படக் கல்லூரி இன்னும் நேரான வழி.

நாடகத் துறைக்கு வெளியேயும் பயன் உண்டு. 2019 முதல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் மருத்துவ அறத்தையும் நோயாளியோடு பேசும் முறையையும் கற்பிக்க ஏட்காம் என்ற பகுதி இருக்கிறது. வேடமேற்றுப் பயில்வது அதில் ஒரு முறை. சட்டக் கல்லூரியின் மாதிரி நீதிமன்றமும் அப்படித்தான். கட்டியக்காரனிடம் மாட்டிக்கொண்டு பதில் சொல்லிப் பழகிய பிள்ளைக்கு இரண்டிலும் முதல் நாள் நடுக்கம் குறைவாக இருக்கும்.

நாடகப் படிப்புகளின் நுழைவில் முந்தைய பங்கேற்புக்குச் சான்று கேட்பது வழக்கம். எனவே எந்த வழியைத் தேர்ந்தாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோப்பு வையுங்கள்: நாடகத்தின் பெயர், தேதி, அவர் செய்த வேலை, நிகழ்ச்சி நிரல், இரண்டு படங்கள், தலைமையாசிரியர் கையொப்பம். விளக்குப் போட்டவரும் உடை தைத்தவரும் நிரலில் பெயரில்லாமல் விடுபடுவார்கள். அவர்களுக்கு அதே வாரத்தில் ஒரு வரிச் சான்று எழுதி வாங்கிக் கோப்பில் வைத்துவிடுங்கள். மூன்று வருடம் கழித்து அவர்கள் வந்து கேட்கும்போது கையொப்பமிட வேண்டியவர் வேறு மாவட்டத்தில் இருப்பார்.